விருந்தாளிக்குப் பேசும் மொழி

இரண்டு கைகள் தென்னை நாரைத் தொடையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தன. வலது உள்ளங்கை முன்னால் தள்ளும்போது இழைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு மெல்லிய திரியாகும். இடது கை அதை எடுத்து, பின்னி முடித்த கயிற்றின் நுனியில் சேர்க்கும். மூன்று திரி, மேலே ஒன்று, கீழே ஒன்று, ஓர் இறுக்கு. மறுபடி தொடை. கண்கள் கையைப் பார்க்கவில்லை. வாசலையும் பார்க்கவில்லை. கைகள் ஒரு கணம் தயங்கின. கைகள் ஒரு கணம் தயங்கின. கைகள் மறுபடி வேலையைத் தொடர்ந்தன.

“வந்தியா? சாப்டியா?”

“நிறுத்துங்கள்,” என்று கூடத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “கை தயங்கியது நன்றாக இருக்கிறது. ஆனால் அவள் வருவதற்கு முன்பே தயங்கிவிட்டது.”

“செருப்புச் சத்தம் கேட்டுச்சே.”

“உங்களுக்குக் கேட்டது. பார்ப்பவர்களுக்கு இன்னும் கேட்கவில்லை. அவர்களுக்கும் கேட்கட்டும். அதன் பிறகு தயங்குங்கள்.”

கைகளுக்குச் சொந்தக்காரர் கயிற்றை மடியில் போட்டுவிட்டு யோசித்தார். “அதுவும் சரிதான்,” என்றார்.

கெலெமெட்டே ஓர் இயக்குநரிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். நான் அந்தக் குழுவில் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு மேடையோரம் உட்கார்ந்திருப்பவன். யாராவது வரி மறந்தால் எடுத்துக் கொடுப்பது என் வேலை. கெலெமெட்டேவுக்கு நான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்ததே இல்லை.

அவரை எங்கள் தீவுகளின் தலைநகரான ஆபியாவில் தெரியாதவர்கள் கிடையாது. வைதேலே தடத்தில் மரப்பேருந்து ஓட்டுகிறார். நல்ல உயரம், பெரிய வயிறு, எந்நேரமும் ஏதோ ஒரு வேடிக்கையை உள்ளே அடக்கி வைத்திருப்பதுபோல ஒரு முகம். அந்த முகத்தை வைத்துத்தான் முப்பது வருடம் ஊரைச் சிரிக்க வைத்தார். இந்த நாடகத்தில் அவரைப் பயமுறுத்தியதும் அந்த முகம்தான்.

அவருடைய முதல் இயக்குநர் சவாயித் தீவில் அவர் ஊர்ப் போதகரின் மனைவி. பிள்ளைகள் ஞாயிறன்று வேத வசனம் ஒப்பிப்பதற்கு அந்த அம்மாள்தான் பழக்கிவிடுவார். பையன்கள் வெள்ளைச் சட்டையில் நின்று ஒரே மூச்சில் கத்திவிட்டு ஓடுவார்கள். கெலெமெட்டேவை மட்டும் அந்த அம்மாள் ஓடவிடவில்லை. “கடைசிப் பாயில உக்காந்திருக்காரே, அந்தப் பெரியவருக்குக் காது மந்தம். அவருக்குக் கேக்கலேன்னா நீ சொன்னது எனக்கும் கேக்கல,” என்றாராம். கத்தாமல் கடைசிப் பாய்வரை போவது எப்படி என்று அன்றைக்குத் தேடத் தொடங்கியதாகச் சொல்வார்.

இரண்டாவது ஆள் பாயெபாயெ. ஊர்க் கூத்துக் குழுவின் தலைக் கோமாளி. எங்கள் கூத்துக்குப் பேய்வீடு என்று பெயர். அதில் எழுந்து ஆடுகிறவன் தானாகப் பேசுவதில்லை, அவன்மேல் ஏறிய பேய் பேசுகிறது என்பது வழக்கம். அதனால் கூத்தில் யாரைக் கிழித்தாலும், அந்த ஆள் எவ்வளவு பெரிய தலைவரானாலும், கோபித்துக்கொள்ள வழியில்லை. பாயெபாயெ எந்த இடத்தில் என்ன செய் என்று யாருக்கும் சொன்னதே கிடையாது. ஒத்திகையில் பிடிக்கவில்லை என்றால் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவான். “மூணு மாசம் அந்த ஆளோட முதுகுக்குத்தான் நடிச்சேன்,” என்பார் கெலெமெட்டே. “திரும்புனான் பாரு, அன்னைக்குத்தான் நான் நடிகன்.”

பாயெபாயெ அவருக்குப் பூப்போட்ட பாவாடையும் காதோரம் ஒரு செம்பருத்தியும் கொடுத்துக் கிழவியாக்கினான். பேலே கிழவி. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரையும் “சாப்டியா?” என்று கேட்கிற கிழவி. ஒரு சுதந்திர தின விழாவில், ஊருக்குத் தண்ணீர்க் குழாய் போட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்து வருடக்கணக்காக வராமல் இருந்த நாடாளுமன்ற உறுப்பினர் முன்வரிசையில் இருந்தார். கிழவி தத்தித் தத்திப் போய் அவர் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். “சாப்டியா?” என்று கேட்டாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, “நல்லாத்தான் சாப்ட்ருக்கு புள்ள. நம்ம குழாயையும் சேத்து,” என்றாள். ஜனங்கள் பாயிலிருந்து உருண்டு விழுந்தார்கள். உறுப்பினரும் சிரித்துத்தான் ஆக வேண்டியிருந்தது. பேசியது பேய் அல்லவா.

அன்றிலிருந்து அந்தச் சொல் அவரோடு ஒட்டிக்கொண்டது. மீன் டப்பா விளம்பரத்தில் அதைத்தான் சொன்னார். பேருந்து போகும்போது பள்ளிப் பிள்ளைகள் அதைச் சொல்லித்தான் கத்துவார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. சிரிப்பு மட்டமானது, அழுகை உயர்ந்தது என்று நினைக்கிறவர் இல்லை அவர். “சிரிக்க வைக்கிறதுக்கு எங்க நிறுத்தணும்னு தெரியணும். அழ வைக்கிறதுக்கும் அதேதான். கடை ஒண்ணு, சரக்கு வேற,” என்பார்.

சினிமாவும் செய்திருக்கிறார். சிட்னியிலிருந்து வந்த ஓர் இயக்குநர் கையில் ஈட்டியைக் கொடுத்துக் கடலைப் பார்க்கச் சொன்னார். “கடல்ல என்ன வருதுங்க?” என்று கேட்டதற்கு, “ஒன்றும் வரவில்லை, பாருங்கள்,” என்று பதில் வந்தது. காலை முழுக்கப் பார்த்தார். படத்தில் அவர் முகம் கண்சிமிட்டும் நேரத்துக்கு வந்து போனது. மற்றவர்களாக இருந்தால் இதைக் குறையாகச் சொல்வார்கள். கெலெமெட்டே அதிலும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். “ஒண்ணும் வராத கடல எப்படிப் பாக்கறதுன்னு அங்கதான் கத்துக்கிட்டேன். முதல்ல படகு வர்ற மாதிரி பாத்தேன், அந்த ஆளு வேண்டாம்னான். திமிங்கலம் வர்ற மாதிரி பாத்தேன், வேண்டாம்னான். கடைசியில சலிச்சுப் போய்ச் சும்மா பாத்தேன். அதை எடுத்துக்கிட்டான்.”

இயக்குநர்களைப் பற்றி அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவர்கள் வருவார்கள், எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களோடு வேலை சுலபம், வீட்டுக்குச் சீக்கிரம் போகலாம். வேண்டாதது மட்டும் தெரிந்தவர்கள் சிலர் உண்டு. அவர்களிடம் மாட்டினால் பாடுதான். ஆனால் தனக்குள் இருப்பது தனக்கே தெரியாத சரக்கு வெளியே வருவது அவர்களிடம்தான்.

திலோமாய் அந்த இரண்டாம் வகை. ஆக்லாந்தில் பிறந்து, அங்கேயே நாடகம் படித்து, பெற்றோரின் ஊரில் ஒரு நாடகமாவது போட வேண்டும் என்று வந்தவள். எங்கள் மொழியை அவள் கற்றது ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில், வேதாகமத்தை வைத்து. அதனால் எழுத்து மொழி மட்டும்தான் அவளுக்கு வரும்.

எங்களிடம் பேச்சு இரண்டு. அப்பாவைத் தமா என்று எழுதுவோம், கமா என்று கூப்பிடுவோம். ‘த’ வைத்துப் பேசுவது தேவாலயத்துக்கு, வானொலிக்கு, போதகருக்கு, வெளியூர் விருந்தாளிக்கு. ‘க’ வைத்துப் பேசுவது வீட்டுக்கு, சந்தைக்கு, பேருந்துக்கு, சண்டைக்கு. போதகர் உண்ணும் உணவுக்கு ஒரு சொல், நாம் தின்பதற்கு ஒரு சொல். யாரும் இதை யோசித்துச் செய்வதில்லை. எதிரே நிற்பது யார் என்று கண் பார்த்துச் சொல்வதற்குள் நாக்கு மாறிவிடும்.

“திலோ டீ குடிக்கக் கூப்பிட்டா, ஆபிரகாம் கூடாரத்துக்கு விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி இருக்கு,” என்பாள் மோயலாங்கி. மகளாக நடிப்பவள் அவள்தான். வங்கியில் வேலை, வாய் அதிகம்.

“உன்னைக் கூப்பிடாமலேயே இருந்திருக்கலாம்,” என்பாள் திலோமாய், அதையும் வேதாகம மொழியில்.

நாடகத்தின் கதை பெரிதல்ல. அம்மா சாவுக்கு வராத மகள் வருடங்கள் கழித்து ஆக்லாந்திலிருந்து வீட்டுக்கு வருகிறாள். அப்பா நார்க் கயிறு பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பார்க்காமலே ஒரு வரி கேட்கிறார். நாடகம் முழுக்க அந்த ஒரு வரியில் நிற்கிறது. பிரதியில் அது ‘வந்துவிட்டாயா? சாப்பிட்டாயா?’ என்று இருந்தது. அவள் எழுதியதை எல்லாம் நாங்கள் பேச்சுக்கு மாற்றிக்கொண்டோம். அப்படித்தான் அது, “வந்தியா? சாப்டியா?” ஆயிற்று.

எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. கிழவியின் சொல்லும் அந்த அப்பாவின் சொல்லும் ஒன்றுதான் என்று சனிக்கிழமை அலெய்பாதா என்ற வெளியூரில் முன்னோட்டக் காட்சி போட்டபோதுதான் தெரிந்தது.

திரை விலகியதும் ஜனங்கள் சிரித்தார்கள். அவர் சும்மா உட்கார்ந்திருந்ததற்கே சிரித்தார்கள். நாரை உருட்டினார், சிரித்தார்கள். மோயலாங்கி பெட்டியோடு வந்து நின்றாள். அவர் அந்த வரியைச் சொன்னார். கூடம் இடிந்து விழுந்ததுபோல ஒரு சிரிப்பு. முன்னால் இருந்த பெண் பக்கத்துப் பெண்ணின் முதுகில் அடித்து அடித்துச் சிரித்தாள். மோயலாங்கி உண்மையாகவே அழுதாள், அவள் அழுததற்கும் சிரித்தார்கள். காட்சி முடிந்து ஊர்ப் பெண்கள் சாப்பாடு பரிமாறினார்கள். சேப்பங்கிழங்கும் தேங்காய்ப்பாலில் வெந்த கீரையும். கெலெமெட்டே தட்டைத் தொடவில்லை. ஒரு பெண் அருகே வந்து, “பேலே கிழவி, சாப்டியா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை ஒத்திகைக்கு நாங்கள் போனபோது மூன்றாவது வரிசையில் மாசெலினோ உட்கார்ந்திருந்தார். இடுப்பில் மடிப்புக் கலையாத கறுப்பு லாவாலாவா வேட்டி, முழங்கால்மேல் இரண்டு கைகள். வானொலியில் சாவுச் செய்தி வாசிப்பவர். அவர் குரலைக் கேட்டு ஊரில் யாரும் இதுவரை சிரித்ததில்லை.

“இந்த ஆளு வாயத் தொறந்தாலே யாரு போனாங்கன்னுதான கேப்பாங்க,” என்று மோயலாங்கி என் காதில் சொன்னாள்.

திலோமாய் சுற்றி வளைக்கவில்லை. கெலெமெட்டேவை மேடை விளிம்பில் உட்காரச் சொல்லித் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். “உங்களைவிட நல்ல நடிகர் இந்தத் தீவில் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த இடத்தில் அவர்கள் சிரித்தால் நாடகம் அங்கேயே செத்துவிடும். வெள்ளிக்கிழமை முதல் காட்சி. வியாழன் மாலைவரை தேடிப் பார்ப்போம். கிடைக்கவில்லை என்றால் மாசெலினோ செய்வார்.”

கெலெமெட்டே கெஞ்சவில்லை. முப்பது வருடம் என்றோ, இந்த வயதில் என்றோ பேச்செடுக்கவில்லை. “பேசுனபடி நடப்போம்,” என்றார். “ஆனா வேற ஆளப் போட்டு வர்ற அமைதி அந்த ஆளுக்கு வர்ற அமைதிதான். என்னப் பாத்துச் சிரிக்கிறவன் நிறுத்துனான்னா, அதுல இருக்கு உன் நாடகம்.”

“அதனால்தான் இன்னும் தேடுகிறோம்,” என்றாள் அவள்.

வரியை மாற்றிப் பார்த்தார்கள். மெதுவாக, வேகமாக, கோபமாக, முதுகைக் காட்டி. அந்தச் சொல்லையே எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். சாப்பிட்டாயா என்று கேட்காத அப்பா எங்கள் ஊரில் கிடையாது, அதனால் காட்சி பொய்யாயிற்று. மாசெலினோ தொண்டையைச் செருமும்போதெல்லாம் எங்களுக்குத் திக்கென்றிருந்தது.

அப்போதுதான் அந்தத் தவறு நடந்தது. மோயலாங்கி பெட்டியோடு வந்து நின்றாள். கெலெமெட்டே கயிற்றைப் பின்னியபடி வாயைத் திறந்தார். அதே கணம் பக்கக் கதவைத் திறந்துகொண்டு போதகர் உள்ளே வந்தார். கூடம் தேவாலயத்தினுடையது, மின்விசிறியை அணைத்தார்களா என்று பார்க்க அவர் வருவதுண்டு. கெலெமெட்டேவின் ஓரக்கண்ணில் அந்த வெள்ளைச் சட்டை பட்டிருக்க வேண்டும். கை மகளுக்காகத் தயங்கியது, நாக்கு போதகருக்கு மாறிவிட்டது.

“வந்து சேர்ந்தீர்களா. அமருங்கள். உணவருந்தினீர்களா.”

“அருந்திவிட்டேன், மிக்க நன்றி,” என்றார் போதகர் கதவருகிலிருந்து.

நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். விளக்குக்காரன் ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மோயலாங்கி மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியைக் கீழே வைக்க மறந்து நின்றாள். அவளுடைய அடுத்த வரி, “அப்பா, நான்தான்,” என்பது. அதை மறந்துபோய் என்னைப் பார்த்தாள். நானும் எடுத்துக் கொடுக்க மறந்துவிட்டேன்.

“மன்னிச்சுக்கம்மா, அய்யா வந்தாரு, நாக்கு தானாப் பெரண்டுருச்சு,” என்றார் கெலெமெட்டே.

திலோமாய் பின்வரிசையிலிருந்து எழுந்து மேடைவரை நடந்து வந்தாள். “போதகர் வந்ததை நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது ஒன்றுதான். நீங்கள் உங்கள் மகளை விருந்தாளி ஆக்கிவிட்டீர்கள்.”

கூடத்தில் சிரிப்பு நின்றது.

“நான் முதன்முதலில் இங்கே வந்தபோது,” என்றாள், “விமான நிலையத்திலிருந்து பெரியம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் பெரியம்மா என்னிடம் இப்படித்தான் பேசினார்கள். வந்து சேர்ந்தீர்களா, அமருங்கள். எனக்குத் தெரிந்த மொழி அது ஒன்றுதான் இல்லையா, அதனால் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது. எவ்வளவு மரியாதை என்று நினைத்தேன். அன்று மாலை அதே பெரியம்மா என் அண்ணன் மகனைத் திட்டுவதைக் கேட்டேன். உங்கள் மொழியில், வீட்டு மொழியில். அப்போதுதான் தெரிந்தது, என்னை யாரும் திட்டப் போவதில்லை என்று.”

மோயலாங்கி பெட்டியைக் கீழே வைத்தாள். “திலோ, நாளைலேர்ந்து நான் திட்டுறேன் உன்னய,” என்றாள்.

“இன்றைக்கே தொடங்கலாம்,” என்றாள் திலோமாய். பிறகு கெலெமெட்டேவிடம், “மீண்டும் செய்யுங்கள்,” என்றாள்.

அவரால் செய்ய முடியவில்லை.

முப்பது வருடமாக அவர் அந்த மொழியை மேடையில் பேசியது கேலிக்குத்தான். பேய்வீட்டில் போதகர் வேடம் கட்டினால் மூக்கால் இழுத்து, புருவத்தைத் தூக்கி, ‘எழுந்தருளினீரோ’ என்பார், கூட்டம் சாயும். இப்போது வாயைத் திறந்ததும் அந்தப் போதகர்தான் வெளியே வந்தார். மூக்கை விட்டால் புருவம் வந்தது. புருவத்தை அடக்கினால் இழுப்பு வந்தது. இழுப்பையும் விட்டபோது எழுதிப் படிப்பதுபோல இருந்தது. “இல்லை,” என்றாள் திலோமாய் ஒவ்வொரு முறையும், குரலை உயர்த்தாமல். அவள் சொன்னது ஒவ்வொரு முறையும் சரிதான், அதை அவரும் ஒப்புக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும்போது நான் அவரிடம், “போதகர் வந்தப்ப வந்ததே அண்ணே, அது மறுபடி வரும்,” என்றேன்.

“தப்பா ஒரு தடவ வந்தா அது என்னோடது இல்லடா. கதவோடது,” என்றார். “நான் கூப்பிட்டப்ப வரணும். வெள்ளிக்கிழமையும் வரணும், சனிக்கிழமையும் வரணும். அதுக்குப் பேர்தான் வேலை.”

மறுநாள் காலையில் வைதேலே பேருந்தில் ஏறியவர்களை எல்லாம் அவர், “வந்து சேர்ந்தீர்களா. அமருங்கள்,” என்று வரவேற்றார். நானும் அந்தப் பேருந்தில்தான் வேலைக்குப் போகிறவன். மடியில் மடியாக உட்கார்ந்திருந்த சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

“டேய், கெலெமெட்டே ஊழியத்துக்குப் போயிட்டான்டா.”

“காணிக்கையும் பஸ்லயே எடுப்பியா?”

“ஜெபம் பண்ணிட்டு பிரேக்கப் பிடி.”

அவர் கோபப்படவில்லை. இறங்குகிறவர்களுக்கும் அதே மொழியில் விடை கொடுத்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எதையோ ஒன்றைக் கழித்துக்கொண்டே வந்தது எனக்குத் தெரிந்தது. ஒருமுறை குரலில் கொஞ்சம் எடையைக் குறைத்தார். ஒருமுறை முகத்தைத் திருப்பாமல் கண்ணாடியில் பார்த்துச் சொன்னார். ஒருமுறை ஏறுகிறவர் முழுவதும் ஏறி நிற்கும்வரை காத்திருந்து சொன்னார். புதன்கிழமை சிரிப்பு குறைந்தது, ஆனால் அலுத்துப்போய்க் குறைந்தது. அது வேறு. அவருக்கும் அது தெரிந்திருந்தது.

வியாழன் நண்பகலில், அரை நாள் விடுப்பில் நான் திரும்பிக்கொண்டிருந்தபோது, சுலு ஏறினாள். சந்தையில் கிழங்கு விற்பவள். அவளும் கெலெமெட்டேவும் ஒருவரையொருவர் வையாமல் ஒரு நாளும் அந்தப் பேருந்து நகர்ந்ததில்லை. உன் வண்டியைவிட என் கூடை வேகமாகப் போகும் என்பாள் அவள். உன் கூடையைவிட உன் வாய்க்குத்தான் டிக்கெட் போட வேண்டும் என்பார் அவர். அன்று வெயில் கொளுத்தியது. இரண்டு கூடைகளோடு மூச்சிரைக்கப் படியில் ஏறி நின்றாள்.

“வந்து சேர்ந்தீர்களா. அமருங்கள்,” என்றார் கெலெமெட்டே. அவள் அமர்வதற்காக முன் இருக்கையில் கிடந்த தன் துண்டை எடுத்துக்கொண்டார்.

சுலு அவரைப் பார்த்தாள். வழக்கமான வசவு ஒன்று அவள் வாய்வரை வந்தது, வெளியே வரவில்லை. உட்கார்ந்தாள். சந்தைவரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பின்னால் இருந்தவர்களும் ஏனோ பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். இறங்கும்போது கட்டணத்தை அவர் கையில் வைத்துவிட்டு, படியில் நின்றாள்.

“கெலெமெட்டே, நான் உனக்கு என்னடா பண்ணேன்?”

“ஒண்ணும் இல்லையே அக்கா.”

“அப்புறம் எதுக்குடா என்னை யாரோ ஆக்குற?”

அவர் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டுக் குதித்து இறங்கினார். அவளுடைய இரண்டு கூடைகளையும் தூக்கிக்கொண்டு சந்தை வாசல்வரை நடந்தார். பேருந்து முழுக்க ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“நாடகத்துக்கு ஒத்திகை பாத்தேன்க்கா. மனசுல வெச்சுக்காத.”

“உன் பொண்டாட்டி மேல ஒத்திகை பாக்க வேண்டியதுதானே.”

“அவகிட்டப் பாத்தா சோறு போட மாட்டாளே.”

“நானும்தான் போட மாட்டேன், தடியா,” என்றாள் சுலு. அந்தத் தடியா என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். திரும்பி வந்து ஏறும்போது என்னிடம் குனிந்து சொன்னார்: “இத்தன நாளா மரியாத குடுக்குற மாதிரி நடிச்சேன்டா. இவளுக்கு நெசமாவே குடுத்துட்டேன். வெயில்ல வந்தா, களைப்பா இருந்தா, உக்காரட்டும்னு நெனச்சேன். அவ்வளவுதான். கோபம் வேண்டாம், வருத்தம் வேண்டாம். நல்ல எடமாப் பாத்து உக்கார வெச்சாப் போதும். மிச்சத்த அவங்க பாத்துக்குவாங்க.”

அன்று மாலை ஒத்திகையில் அவர் அந்த வரியைச் சொன்னார். திலோமாய் இன்னொரு முறை கேட்டாள். சொன்னார். அவள் இன்னும் ஒரு முறை கேட்டாள், அவர் இன்னும் ஒரு முறை சொன்னார். மூன்றும் ஒன்றாக இருந்தன, மூன்றும் அப்போதுதான் பிறந்ததுபோலவும் இருந்தன. அவளிடமிருந்து பாராட்டு என்று எதுவும் வரவில்லை. முதல் தடவையாக அவள் ‘இல்லை’ என்று சொல்லவில்லை, அதை நாங்கள் எல்லோரும் கவனித்தோம். அவள் மூன்றாவது வரிசைக்குப் போனாள்.

“தாங்கள் நாளை பார்வையாளராக வாருங்கள்,” என்றாள் மாசெலினோவிடம்.

“மிக்க மகிழ்ச்சி,” என்றார் மாசெலினோ. அவர் உண்மையாகவே மகிழ்ந்தார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தக் குரலில் கேட்டபோது எல்லோரும் ஒரு கணம் தலை குனிந்து நின்றோம். கெலெமெட்டே முதலில் சிரித்தார், பிறகு மாசெலினோவும் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. நாற்காலிகள் போதாமல் முன்னால் பாய் விரித்தார்கள். வைதேலே பேருந்தின் சனம் பாதி அங்கே இருந்தது. சுலு இரண்டாவது பாயில் விசிறியோடு உட்கார்ந்திருந்தாள். நான் என் இடத்தில், பிரதியோடு.

திரை விலகியது. அவரைப் பார்த்ததும் சிரித்தார்கள். அவர் அவர்களைத் தடுக்க எதுவும் செய்யவில்லை. நாரை உருட்டிக்கொண்டு, சிரிப்பு தானாகத் தீரும்வரை இருக்கவிட்டார். மோயலாங்கி பெட்டியோடு நடந்து வந்தாள். செருப்புச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அதன் பிறகுதான் அவருடைய கை தயங்கியது.

பின்னாலிருந்து ஒருவன் பொறுக்க முடியாமல், “சாப்டியா?” என்று கத்தினான்.

கூடம் அதிர்ந்தது. நான் திலோமாயைத் தேடினேன். அவள் பின்சுவரில் சாய்ந்து, இரண்டு கைகளையும் வாய்மேல் வைத்திருந்தாள். கெலெமெட்டே அந்தச் சிரிப்பையும் வாங்கிக்கொண்டார். அவர் அதை விரட்டவில்லை. அது தன் உச்சிக்குப் போய், இறங்கி, கடைசி ஆளிடம் மிச்சமாகத் தேங்கி நின்ற இடத்தில் தலையைத் தூக்கினார். மகளைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த நல்ல பாயைக் கையால் ஒருமுறை தட்டித் தூசி போக்கினார்.

“வந்து சேர்ந்தீர்களா,” என்றார். “அமருங்கள். உணவருந்தினீர்களா.”

குரலை உயர்த்தவில்லை. கடைசிப் பாய்வரைக்கும் போயிற்று.

பாதிச் சிரிப்பில் இருந்த ஒருவன் அதை முடிக்காமல் விட்டான். விசிறிகள் நின்றன. அம்மாவின் மடியில் சிணுங்கிய குழந்தையை யாரோ தோளில் சாய்த்தார்கள். சுலு தலையைக் குனிந்துகொண்டாள். நானூறு பேர் இருக்கும் கூடத்தில் மேலே சுழலும் மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. இந்த ஊரில், அந்த முகத்துக்கு எதிரே, நான் இதுவரை கேட்டிராத அமைதி அது.

அவர் நினைத்திருந்தால் அதில் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம். முப்பது வருடத்துக்கு அவருக்கு வர வேண்டியதுதான். ஆனால் அடுத்த வரி மோயலாங்கியினுடையது. கெலெமெட்டே பார்வையைத் தாழ்த்தி, அந்த அமைதி முழுவதையும் கொஞ்சமும் சிந்தாமல் அவளிடம் கொடுத்தார். அவள் அவசரப்படாமல் அதை வாங்கிக்கொண்டு, பெட்டியைக் கீழே வைத்து, வாயைத் திறந்தாள்.